நடப்பவருக்கும் ரோட்டில் பங்கு உண்டு: வாசகர் கேள்வி பதில்

தெரு, சாலை, பஸ் நிறுத்தம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரை ஊர்கள் பலவற்றிலிருந்தும், இராமேசுவரம் தீவிலிருந்தும் வந்து குவிந்துவிட்டன. சாலை வேலைகளில் 20 வருஷத்துக்கு மேல் டேப் பிடித்து அளந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும்.

சார், நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். ஸ்கூல்ல இலவச சைக்கிள் குடுத்திருக்காங்க. வீட்டிலிருந்து ஸ்கூல் நாலு கிலோமீட்டர், முக்கால்வாசி ஈசிஆர் ரோடுதான். லாரி ஒட்டி வந்தா கை நடுங்குது. அப்பா சைக்கிளைத் திண்ணையில் ஏத்தி வச்சுட்டார். ஓட்டலாமா, கூடாதா?
(மாணவி, தேவிபட்டினம் அருகே)

உங்கள் அப்பா பயப்படுவதில் தப்பே இல்லை, அம்மா. அரசாங்கம் சைக்கிளைக் கையில் கொடுத்துவிட்டது, அதை ஓட்டுவதற்கு ஒரு மீட்டர் இடத்தை யாரும் ஒதுக்கவில்லை. அதுதான் தப்பு.

அந்த ரோட்டில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் தார் போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதில்தான் சைக்கிள் போக வேண்டும். ஆனால் நம் பக்கத்தில் அந்த ஓரத்தை மூன்று விஷயங்கள் தின்றுவிடுகின்றன. ஒன்று, சீமைக்கருவேலம்: மழைக்குப் பிறகு இரண்டே மாதத்தில் முள்கிளை ரோட்டுக்குள் நீண்டுவிடும், சைக்கிள்காரர் அதற்குப் பயந்து வலப்பக்கம் ஒதுங்குவார், ஒதுங்குகிற அந்த இடத்தில்தான் லாரி வரும். இரண்டாவது மணல். கடற்காற்று அள்ளிக்கொண்டு வந்து ஓரத்தில் கொட்டியது அப்படியே கிடக்கும், அதில் சக்கரம் வழுக்கும். மூன்றாவது, நிறுத்தி வைத்திருக்கும் வண்டிகள். இந்த மூன்றையும் சரிசெய்யப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். ஒரு அரிவாள், ஒரு துடைப்பம், ஒரு கண்டிப்பு போதும், ஆனால் மாதாமாதம் நடக்க வேண்டும்.

வேகமாக வண்டி ஓடும் நெடுஞ்சாலையில் கோடு மட்டும் போதாது என்பது என் உறுதியான எண்ணம். 80 கிலோமீட்டர் வேகத்தில் பஸ் கடக்கும்போது அது தள்ளும் காற்றே சைக்கிளை ஆட்டிவிடும். ஆடி மாசத்தில் கச்சான் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் ஊருக்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட அந்த நாலு கிலோமீட்டருக்காவது தனியாக ஒரு சைக்கிள் பாதை வேண்டும். ரோட்டுக்கும் அதற்கும் நடுவே மண்ணும் மரமும் இருக்க வேண்டும். ஊருக்குள் வண்டி வேகம் 30க்கு இறங்கிவிட்டால் தனிப் பாதை இல்லாமலே சேர்ந்து போகலாம். வேகம் கூடினால் பிரித்து விடு, பிரிக்க இடமில்லையென்றால் வேகத்தை இறக்கு. சைக்கிள் விஷயத்தில் உலகம் முழுக்க இதுதான் கணக்கு.

அதுவரை: ஊருக்குள் சந்து வழி, கண்மாய்க்கரை வழி ஏதாவது இருந்தால் அரை கிலோமீட்டர் கூடினாலும் அதில் போங்கள். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம். மூன்று நாலு பேராகச் சேர்ந்து, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். இந்தப் பதிலை அப்பாவிடம் காட்டுங்கள், அப்புறம் கடைசியில் ‘யாரைக் கேட்பது’ என்ற கேள்விக்குச் சொல்லியிருப்பதையும் அவரையே படிக்கச் சொல்லுங்கள். அவர் கையெழுத்துப் போட்டால் மனுவுக்கு வலு.

எனக்கு மீன் வியாபாரம். அன்னக்கூடையோட பஸ் ஏறணும். பஸ்ஸு நிக்கிற எடத்துல நிக்காது, நடுரோட்டுல நிக்கும், ஓடிப் போய் ஏறணும். நிழல் கிடையாது. கூடையை எறக்கி வைக்க ஒரு திட்டுகூட இல்ல. இதெல்லாம் சின்ன விஷயமா தம்பி?
(தங்கச்சிமடம்)

இல்லை அக்கா, எனக்கு வந்ததிலேயே பெரிய கேள்வி இதுதான்.

பழைய ரோடுகளில் சுமைதாங்கிக் கல் இருக்கும். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். பிள்ளைத்தாச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது. தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதில் தள்ளி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம், உயரம் அப்படிப் பார்த்து வைத்தது. சேதுவுக்கு நடந்து வந்தவர்களுக்காகச் சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரம் கட்டினார்கள். முகுந்தராயர் சத்திரம் என்ற பெயர் இன்னும் தனுஷ்கோடி வழியில் நிற்கிறது. அந்த ரோட்டைப் போட்டவர்கள் மனசில் இருந்தது நடக்கிறவர்கள்தான். தார் வந்த பிறகு ரோட்டை அகலப்படுத்தினோம், கல்லைப் பிடுங்கினோம், மரத்தை வெட்டினோம், அதற்குப் பதிலாக நடப்பவருக்கு எதையும் வைக்கவில்லை.

பஸ் ஏன் நடுரோட்டில் நிற்கிறது? ஓரத்தில் ஆட்டோவும் பைக்கும் நிற்பதால். அல்லது உள்வாங்கிய பஸ் பே கட்டியிருந்தால், உள்ளே போய்விட்டுத் திரும்ப ரோட்டில் சேர யாரும் வழிவிட மாட்டார்கள் என்று டிரைவர் பயப்படுவதால். வண்டி மெதுவாகப் போகும் கடைத்தெருவில் பஸ் பே வேண்டாம் என்பேன். நடைபாதையையே ரோட்டுப் பக்கம் கொஞ்சம் நீட்டி ஒரு மேடை போட்டுவிட்டால் பஸ் வளையாமல் அதன் ஓரமாகவே நிற்கும், ஆட்களும் மேடையிலேயே நிற்பார்கள், மேடை இருக்கும் இடத்தில் யாரும் பைக்கை நிறுத்தவும் முடியாது. பஸ் பே தேவைப்படுவது ஊருக்கு வெளியே, வேகச் சாலையில்தான்.

அப்புறம், கடப்பது. இதை எழுதும்போது என் சித்தி ஞாபகம் வருகிறது. பஸ்ஸை விட்டு இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் சுற்றி ரோட்டைக் கடந்தார்கள். பஸ்ஸை முந்திக்கொண்டு வந்த வேன் அவர்களைப் பார்க்கவில்லை, அவர்களும் வேனைப் பார்க்கவில்லை. நடுவில் பஸ் மறைத்துக்கொண்டது. இடுப்பு எலும்பு முறிந்து எட்டு மாதம் படுத்திருந்தார்கள், பிறகு நடக்கவே இல்லை. அன்றைக்கு அந்த வேன்காரரைத்தான் எல்லோரும் திட்டினார்கள், நானும் திட்டினேன். பிறகுதான் அந்த நிறுத்தத்தைப் போய் நின்று பார்த்தேன். வெள்ளைக் கோட்டுக் கடவை பஸ் நிற்கும் இடத்துக்கு முன்னால் போட்டிருந்தது. அந்தக் கடவையில் ஒழுங்காக நடந்தவருக்குத்தான் அடி.

கடவை எப்போதும் பஸ்ஸின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பஸ் கடவையைத் தாண்டி வந்துதான் நிற்க வேண்டும். எதிர்த்திசை நிறுத்தமும் அப்படியே, இரண்டு பஸ்களின் பின்பக்கமும் கடவையைப் பார்த்தாற்போல. ரோடு அகலமென்றால் நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு. அந்தத் திட்டு 2 மீட்டர் அகலம் இருந்தால் சைக்கிளோடும் நிற்கலாம், கூடையோடும் நிற்கலாம். நிழற்குடை போடும்போது இடுப்புயரத்தில் ஒரு கல் திண்டும் சேர்த்துப் போடுங்கள் என்று கேளுங்கள் அக்கா. அது உங்கள் உரிமை.

சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். எது நடந்தாலும் டிரைவர்தான் குற்றவாளி. பேக்கரும்பு கலாம் நினைவிடத்தில் ஜனங்கள் ரோட்டில் இஷ்டத்துக்குக் குறுக்கே வருகிறார்கள். பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்கிறார்கள். ஊருக்கு ஊர் ஸ்பீடு பிரேக்கர் வேறு முதுகை உடைக்கிறது. எங்கள் பக்கத்தை யார் பேசுவது?
(இராமேசுவரம்)

நான் பேசுகிறேன் அண்ணே. நாள் முழுக்க அந்தச் சீட்டில் உட்காருகிறவருக்கும் நல்ல ரோடு வேண்டும்தானே.

முதலில் ஸ்பீடு பிரேக்கர். ரோட்டுக்கான அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்கிற அளவு 10 சென்டிமீட்டர் உயரம், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம். அதில் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கினால் தூக்கிப் போடாது. ஊரில் விபத்து நடந்த ஆத்திரத்தில் ஒரே ராத்திரியில் சிமெண்டில் போடும் குட்டித் திண்டு இருக்கிறதே, அது உங்கள் முதுகை மட்டுமல்ல, பிரசவ வலியோடு 108ல் போகும் பெண்ணையும் உலுக்கி எடுக்கும். வர்ணமும் முன்னறிவிப்புப் பலகையும் இல்லாவிட்டால் ராத்திரியில் பைக்கில் வருபவர் உயிரையே எடுத்துவிடும்.

பேக்கரும்பில் 2017ல் நினைவிடம் திறந்த நாளிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். அங்கே ஜனங்கள் ரோட்டைக் கடக்கத்தான் செய்வார்கள், அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அந்த மாதிரி இடத்தில் கடவையையே மேடை மாதிரி உயர்த்திப் போட வேண்டும். மேலே தட்டையாக, இரண்டு பக்கமும் சரிவாக. நடப்பவர் இறங்காமல் சமதளத்தில் நடப்பார், வண்டிதான் ஏறி இறங்கும். உங்களுக்கும் நூறு அடி தள்ளியே தெரிந்துவிடும்.

கணக்கு ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரோடு 7 மீட்டர் அகலம். நல்ல உடம்புக்காரர் கடக்க 6 வினாடி ஆகும். 60ல் வரும் வண்டி அந்த 6 வினாடியில் 100 மீட்டர் வந்துவிடும். முழங்கால் வலியோடு தீர்த்தமாட வந்த பாட்டிக்கு 9 வினாடி, அதாவது 150 மீட்டர். அவ்வளவு தூரத்தில் வரும் வண்டியின் வேகத்தை அந்தக் கண்ணால் கணிக்க முடியுமா? அதே வண்டி 30ல் வந்தால் தூரம் பாதி. மோதினால் விழும் அடியோ நாலில் ஒரு பங்கு, ஏனென்றால் வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நாலு மடங்காகும்.

வேகத்தைக் குறைக்கச் சொல்லிப் பலகை வைத்தால் கேட்பதில்லை என்று டிரைவர்களைக் குறை சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நேராக, அகலமாக, கருப்புக் கண்ணாடி மாதிரி ரோட்டைப் போட்டுவிட்டு ‘30’ என்று எழுதி வைத்தால் கால் தானாக அமுக்கத்தான் செய்யும். ஊர் எல்லை தொடங்கும் இடத்தில் ரோடே ஒடுங்க வேண்டும், நடுவில் திட்டு வர வேண்டும், இரண்டு பக்கமும் மரம் நெருங்க வேண்டும். அப்போது பலகையைப் பார்க்காதவர் கூட மெதுவாகப் போவார்.

பாலம் வேறு கதை. 1988ல் திறந்த இரண்டேகால் கிலோமீட்டர் ரோட்டுப் பாலம், அதை இனி அகலப்படுத்த வழியில்லை. பக்கத்தில் 2025ல் புது ரயில் பாலம் திறந்த பிறகு வேடிக்கை பார்ப்பவர் இன்னும் கூடிவிட்டனர். அவர்கள் ஆசை நியாயமானது, கடலைப் பார்த்தால் யாருக்குத்தான் நிற்கத் தோன்றாது! மண்டபம் பக்கமும் பாம்பன் பக்கமும் வண்டியை நிறுத்த நல்ல இடம், நடந்து போய்ப் பார்க்க ஒரு பார்வை மேடை, கழிப்பறை வைத்துவிட்டு, அப்புறம் பாலத்தின் மேல் நிறுத்தினால் அபராதம் போடட்டும். இடம் காட்டாமல் அபராதம் மட்டும் போட்டால் பயனில்லை.

கடைக்கு முன்னால் நடைபாதை அகலமாகப் போடப் போவதாகப் பேச்சு. பார்க்கிங் போனால் வியாபாரம் படுத்துவிடும். இந்த வெயிலில் யார் நடக்கிறார்கள்?
(ஜவுளிக்கடை, இராமநாதபுரம்)

ஒரு சாயங்காலம் கடை வாசலில் உட்கார்ந்து, உள்ளே வருகிறவர்கள் எதில் வந்தார்கள் என்று ஒரு மணி நேரம் எண்ணிப் பாருங்கள். காரில் எத்தனை பேர், பைக்கில் எத்தனை பேர், பஸ்ஸில் இறங்கி நடந்து எத்தனை பேர். 2021லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. கிராமத்திலிருந்து புடவை எடுக்க வருகிற பெண்கள் பெரும்பாலும் அதில்தான் வருகிறார்கள்.

12 மீட்டர் தெரு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் தடையில்லாத நடைபாதை 1.8 மீட்டர் வீதம் 3.6. போக ஒன்று வர ஒன்று என 3 மீட்டர் தடம் இரண்டு, அதில் பஸ்ஸும் தாராளமாகப் போகும். மிச்சம் 2.4 மீட்டர் இருக்கிறது. அந்தப் பட்டையில் கொஞ்ச தூரம் மரம், கொஞ்ச தூரம் தள்ளுவண்டிக் கடை, கொஞ்ச தூரம் வண்டி நிறுத்தம். ஒரு கார் நிற்கும் நீளத்தில் ஐந்து பைக் நிற்கும், அதாவது ஐந்து வாடிக்கையாளர்.

வெயில் என்று கேட்டீர்கள், அதற்குப் பதில் மரம்தான். பூவரசு, வேம்பு, புங்கை மூன்றும் நம் மண்ணையும் உப்புக்காற்றையும் தாங்கும். இராமேசுவரம் கோயில் பிரகாரத்தில் நடந்திருப்பீர்கள். எவ்வளவு தூரம் நடந்தாலும் கால் வலி தெரியாது. கூரை, அகலம், சமதளம், குறுக்கே எதுவும் கிடையாது. அதே ஆட்கள் வெளியே அக்கினி தீர்த்தத்திலிருந்து ஈரத்துணியோடு செருப்பில்லாமல் கொதிக்கிற தரையில் ஓடுகிறார்கள். தூரம் அதிகமா என்ன, நிழல் இல்லை, அவ்வளவுதான்.

சென்னை பாண்டி பஜாரிலும் இதே பயம் இருந்தது. 2019 நவம்பரில் அகல நடைபாதையோடு திறந்தார்கள், இன்றைக்கும் அங்கே கடைகள் இருக்கின்றன, கூட்டமும் இருக்கிறது. ஒன்றே ஒன்று, நடைபாதை 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. இரண்டடி உயரத்தில் கட்டிவிட்டு ஜனங்கள் ஏறவில்லை என்றால் அது ஜனங்கள் குற்றமில்லை. தள்ளுவண்டிக்காரர்களை விரட்டவும் சம்மதிக்காதீர்கள். 2014ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு அமைத்து, அதில் 40 சதவீதம் அவர்களுடைய பிரதிநிதிகளை வைத்துத்தான் இடம் தீர்மானிக்க வேண்டும்.

விடிகாலை தள்ளுவண்டியில் பத்துப் பன்னிரண்டு குடம் வைத்துத் தண்ணீர் எடுக்கப் போகிறோம். ரோட்டு ஓரம் முழங்கால் பள்ளமாக இருக்கிறது. வண்டி வந்தால் இறங்க முடியவில்லை.
(கீழக்கரைப் பக்கம்)

ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் பழைய தாரின் மேலேயே போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது, ஓரத்து மண் பழைய மட்டத்திலேயே நிற்கிறது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021ல் தமிழகத் தலைமைச் செயலரே உத்தரவு போட்டார். அடுத்த முறை உங்கள் ஊரில் தார் வண்டி வந்தால், சுரண்டினார்களா, ஓரத்தில் கிராவல் நிரப்பி ரோட்டு மட்டத்துக்கு இறுக்கினார்களா என்று இந்த இரண்டை மட்டும் நின்று கேளுங்கள். ரோடு அளக்க வருகிற யாரும் தண்ணீர் வண்டியை ஒரு வண்டியாக எண்ணுவதில்லை, அதனால்தான் அதற்கு இடமும் வைப்பதில்லை. விடிகாலை எத்தனை வண்டி போகிறது என்று நீங்களே எண்ணி மனுவில் எழுதுங்கள். அதுவரை வண்டியின் பின்பக்கம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி. நமக்கு ஒத்து வருமா?
(சிவில் மாணவர், கீழக்கரை)

நெதர்லாந்து எப்போதுமே சைக்கிள் நாடாக இருந்தது என்று நினைக்கிறோம். 1971ல் அங்கே ரோட்டில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் 400க்கும் மேல் குழந்தைகள். தாய்மார்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அதற்குப் பிறகுதான் பாதைகள் வந்தன. நம் கணக்கைப் பாருங்கள். 2022ல் நாடு முழுக்க ரோட்டில் இறந்த 1,68,491 பேரில் இருசக்கர வண்டியில் போனவர்கள் 74,897, நடந்து போனவர்கள் 32,825. மத்திய அரசே வெளியிட்ட எண்கள். நடப்பவர், சைக்கிள், பஸ், கார் நாலையும் ஒரே வரைபடத்தில் சேர்த்து யோசிப்பது நமக்கு ஒத்து வருமா என்று கேட்கிற நிலையில் நாம் இல்லை, தம்பி. நீங்கள் முதல் தடவை ரோடு வரையும்போது நடுக்கோட்டிலிருந்து தொடங்காமல் வீட்டு வாசலிலிருந்து தொடங்கி உள்ளே வாருங்கள். நடைபாதைக்கு மிச்சம் கிடைக்கும் இடம் என்ற நிலை மாறிவிடும்.

இவ்வளவும் சரி. யாரைக் கேட்பது?
(உச்சிப்புளி, தொண்டி, சாயல்குடியிலிருந்து பலர்)

முதலில் ரோடு யாருடையது என்று பாருங்கள். ஊராட்சி ரோடா, மாநில நெடுஞ்சாலையா, தேசிய நெடுஞ்சாலையா. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்குப் போன் போடலாம். ஊர் ரோடு என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கூடும், தீர்மானமாக எழுதி வாங்குங்கள். அதன் நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள், மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஆட்சியர்தான் தலைவர்.

மனுவில் இரண்டு விஷயம் எழுதலாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதை கிடைப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று சொல்லியிருக்கிறது. 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, பாதுகாப்பு விதிப்படி ரோட்டை வடிவமைக்காமல் அதனால் உயிர்ச்சேதமோ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் மீது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. ‘ரோடு சரியில்லை’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த மைல்கல் பக்கம், எத்தனை மணிக்கு, எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள், கடவை எங்கே வர வேண்டும் என்று கையால் ஒரு படம் வரைந்து இணையுங்கள். நான் வேலையில் இருந்தபோது படம் இணைத்த மனுவைத்தான் முதலில் பிரித்துப் பார்ப்போம்.

நண்பர்கள் நாலு பேர் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை சைக்கிளில் போகலாம் என்று இருக்கிறோம். ரோடு எப்படி?
(பரமக்குடி)

1964 புயலில் போன ரோடு 2017ல்தான் முனை வரை திரும்பி வந்தது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து 9.5 கிலோமீட்டர், ஏற்றமே இல்லை, இரண்டு பக்கமும் கடல். ஆனால் மர நிழல் ஒன்றுகூடக் கிடையாது, காற்று பக்கவாட்டில் தள்ளும், மணல் ரோட்டில் ஏறிக் கிடக்கும் இடங்களில் இறங்கித் தள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். விடிந்ததும் கிளம்பினால் சுற்றுலா வேன்கள் வருவதற்குள் திரும்பிவிடலாம். சாயங்காலத்துக்கு மேல் அங்கே ஆட்களை விடுவதில்லை.